பதிவில் மூன்று, பனங்கூடலில் எட்டு

அவளிடம் எதையும் எத்தனை என்று கேட்கக்கூடாது. கேட்டால் முகம் சுருங்கிவிடும். எத்தனை பிள்ளைகள் என்றால் "கிடக்குதுகள்" என்பாள். எத்தனை தேங்காய் பிடுங்கினாய் என்றால் "ஏதோ கறிக்குக் காணும்" என்பாள். அந்த நேரம் வீட்டுக் கோடியில் தேங்காய் குவிந்து, அதன் மேல் கோழி ஏறி நின்று கொக்கரிக்கும். வயதைக் கேட்டால் "எனக்கென்ன தெரியும், அம்மாவைத்தான் கேக்கவேணும்" என்பாள். அம்மா செத்து நாற்பது வருடம்.

ஆசுபத்திரிக்குப் போனால் இன்னும் மோசம். பிரசர் பார்க்கிற தாதி இலக்கத்தைச் சொல்லத் தொடங்கினால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். "கூடவோ குறைவோ எண்டு மட்டும் சொல்லுங்கோ பிள்ளை" என்பாள். கூட என்றால் சந்தோசமாக வீட்டுக்கு வருவாள். கூட என்பது நல்லது என்று யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும்.

அவள் என் பக்கத்து வளவுக்காரி. உடுப்பிட்டிப் பக்கம் எங்கள் ஊர். நான் கலியாணம் முடித்து இந்த ஒழுங்கைக்கு வந்த அடுத்த வருடம் அவளும் வந்தாள். என்னிலும் இரண்டு வயது இளமை. அதனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், திட்டும்போதும் அக்காதான். அவள் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. படலையில் நின்று யாராவது பேர் சொல்லி உரத்துக் கூப்பிட்டாலே "ஏன் ஊருக்குச் சொல்லுறியள்" என்று ஓடி வருகிறவள். செத்துப்போனாள் என்பதற்காக இப்போது அச்சில் போடுவது சரியில்லை.

அவளுடைய சீவியம் மாடு. புருசன் இருந்த காலத்தில் புகையிலைத் தோட்டமும் இருந்தது. அவர் போன பிறகு தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு மாடுகளோடு நின்றுவிட்டாள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும். கூப்பிட்டார்கள். மாட்டை யார் பார்ப்பது என்று அவள் போகவில்லை.

மாட்டை எண்ணக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். வாயால் தொகை சொன்னால் நாவூறு, கண்ணால் எண்ணினால் கண்ணூறு. என் மாமியாரும் எண்ண மாட்டா. எல்லாரும் அதை ஒரு பேச்சுக்கு வைத்திருந்தார்கள். இவள் அதை வைத்துக் குடும்பம் நடத்தினாள்.

மாடுகளுக்கு அவள் வைத்த பேர்களைக் கேட்டால் மாடே கண்ணீர் விடும். சொறிச்சி, கூழைவாலி, குப்பைச்சி, எலும்பி. அதிகம் பால் கறக்கிற மாட்டுக்குப் பேர் வறட்டி. ஒரு நாள் வறட்டி எங்கள் ஒழுங்கை முழுக்க அடைத்துக்கொண்டு, மடி நிலத்தில் தட்டத் தட்ட நடந்து போனது. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று, "நல்ல பசு" என்று சொல்லிவிட்டார். அவள் அந்த இடத்திலேயே காலடி மண்ணை எடுத்து அந்த மனுசனின் தலையைச் சுற்றிவிட்டாள். அவருக்கு ஏதோ வருத்தத்துக்குப் பார்க்கிறாள் என்று நினைத்து அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பால் சேர்க்கிற இடத்துக்கு ஒரே தரத்தில் போக மாட்டாள். சீலைத் தலைப்புக்குள் ஒரு பாத்திரம் கொண்டு போவாள். வந்து இன்னொன்று. பிறகு மூன்றாவது. அங்கே பாலை அளக்கிறவர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"ஏன் அம்மா, ஒரேயடியாக் கொண்டந்தால் என்ன?"

"ஒரேயடியாச் சுரந்தால்தானே ஐயா கொண்டு வாறது. சொட்டுச் சொட்டாத்தான் வருது."

கன்று பிறந்தாலும் சொல்ல மாட்டாள். ஆனால் வழக்கம் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். கன்று போட்ட பிறகு மாட்டிலிருந்து விழுகிற இளங்கொடியைப் பனையோலைப் பையான உமலில் கட்டிக் கொண்டுபோய் ஆலமரத்தில் தூக்கவேண்டும்; பால் உள்ள மரத்தில் தூக்கினால் மாட்டுக்குப் பால் பெருகும். அதை அவளால் விட முடியாது. ஆலமரம் நிற்பதோ ஒழுங்கை முகப்பில், ஊர் முழுக்கப் போய்வருகிற இடத்தில். விடியக் கோயிலுக்குப் போகிறபோது நான் அண்ணாந்து பார்ப்பேன். புதிய உமல் ஒன்று தொங்கும். திரும்பி வரும்போது அவளிடம், "என்ன, நாகு கண்டோ நாம்பனோ?" என்று கேட்பேன். அவள், "என்ன கண்டு, எங்கடையிலை எல்லாம் மலடு" என்பாள். கன்று உள்ளே நின்று கத்தும்.

என் குசினி யன்னல் அவள் கொட்டிலைப் பார்த்தது. அதை அப்படி வைத்தது நான் இல்லை, என் மாமனார். அந்த யன்னலில் நின்று நான் அவளுடைய மாட்டை எண்ணுகிறேன் என்பது அவளுடைய குற்றச்சாட்டு. அதற்காகக் கொட்டில் முகட்டில் ஒரு வெருளி கட்டினாள். வைக்கோல் அடைத்து, பூசணிக்காயில் கண்ணும் பல்லும் கீறி, என் யன்னலைப் பார்க்கிற மாதிரி. அதற்குப் போட்டிருந்த சட்டை என் கொடியிலிருந்து காணாமல் போன சட்டை. நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. வெருளிக்கு அது எனக்கு இருந்ததிலும் நன்றாக இருந்தது.

ஒரு தரம் அவளுடைய மாடுகள் என் வாழைக்குள் பூந்து குருத்தெல்லாம் தின்றுவிட்டன. வாய்ச் சண்டை முற்றிப் பொலிசு வரைக்கும் போனோம்.

"எத்தினை மாடு அம்மா வந்தது?" என்று பொலிசுக்காரர் கேட்டார்.

"எங்கடை மாடு போகேல்லை. போயிருந்தாலும் ஒண்டுதான் போயிருக்கும்" என்றாள்.

"ஆறு" என்றேன் நான்.

அவள் பொலிசுக்காரர் பக்கம் திரும்பி, ஆள் அகப்பட்டுவிட்டது என்கிற மாதிரிச் சொன்னாள்: "பாத்தியளே ஐயா. எண்ணியிருக்கிறா."

என் வாழை போனது ஒரு பக்கத்தில் கிடக்க, நான் எண்ணினதுதான் குற்றம் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் நேரே முகம் பார்த்துக் கதைப்பது குறைந்தது. கதைக்க வேண்டியதை வேலிக்குச் சொல்லுவோம்.

உள்ளதைச் சொல்கிறேன், நான் எண்ணினேன்தான். அவளுடைய மாடுகள் காலையில் தண்ணித் தொட்டிக்கு வரும். நான் பாத்திரம் கழுவுகிற நேரமும் அதுதான். கண் முன்னால் ஒவ்வொன்றாக வருகிறதை எண்ணாமல் விடுவதற்கு நான் என்ன சன்னியாசியா. ஆனால் எண்ணினேன் என்று ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்திக்குக் கொள்ளிக்கண் என்று பேர் விழுந்தால் பிறகு பிள்ளைப்பேறு பார்க்கவும் கூப்பிட மாட்டார்கள், பொங்கல் பானைக்குக் கிட்டவும் விட மாட்டார்கள். நான் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறவள்.

சில வருடத்துக்கு முன்னால் அரசாங்கம் மாடுகளைப் பதிவு செய்ய வந்தது. காதில் ஒரு மஞ்சள் தகடு குத்தி, அதில் இலக்கம் போட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்கள். அந்தச் செய்தி பக்கத்து ஒழுங்கைக்கு வந்தபோதே இவள் எட்டு மாட்டை அவிழ்த்து வளவுக்குப் பின்னால் உள்ள பனங்கூடலுக்குள் சாய்த்துவிட்டாள். கொட்டிலில் மூன்றை மட்டும் நிறுத்தினாள். ஒன்று கண் தெரியாத கிழட்டுப் பசு. ஒன்று நொண்டி. மூன்றாவது, ஒருவருக்கும் பிரயோசனம் இல்லாத ஒரு நாம்பன், இளங்காளை.

மாட்டு டொக்டர் அந்த மூன்றையும் பார்த்துவிட்டு, "உவ்வளவும்தானோ அம்மா?" என்றார்.

"உதுகும் கூடத்தான் சேர். விக்க மனமில்லாமல் வைச்சிருக்கிறன்."

பனங்கூடலுக்குள்ளிருந்து வறட்டி ஒரு சத்தம் போட்டது. "உது பக்கத்து வளவு அக்காவின்ரை மாடு" என்று என்னைக் காட்டினாள். என்னிடம் கோழி கூட இல்லை. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. காட்டிக்கொடுத்தால், எண்ணினதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அன்றிலிருந்து அந்த எட்டும் பனங்கூடலிலேயே நின்றன. கொட்டிலில் கட்டினால் வந்து கேட்பார்கள் என்ற பயம். பதிவில் இருந்த கிழடும் நொண்டியும் நாம்பனும் கூரைக்குக் கீழே அரசாங்க மரியாதையோடு நின்றன. நல்ல மாடுகள் எட்டும் பனையோடு பனையாக வெளியில் நின்றன.

பிறகுதான் அந்தக் குளிர் வந்தது. கார்த்திகைக் கடைசி. மழை எங்களுக்குப் புதிது இல்லை. அந்தக் குளிர்தான் புதிது. வடக்கிலிருந்து அடித்த காற்று ஒரு பகல் முழுக்க மூச்சு விடாமல் அடித்தது. அடுப்படியில் இருந்துகொண்டே எனக்குப் பல் கிட்டியது. வன்னியிலும் தீவுப் பக்கமும் மாடுகள் நின்ற நிலையில் விழுந்து செத்தன என்று பிறகு வானொலியில் சொன்னார்கள்.

அடுத்த நாள் விடிய அவள் குரல் கேட்டது. அழுகிற குரல் இல்லை, மாட்டைக் கூப்பிடுகிற குரல். "வறட்டி, வா. கூழைவாலி, வா. எலும்பி." ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். கூப்பிட்ட பேரையே திரும்பவும் கூப்பிட்டாள். நான் வேலியைப் பிரித்துக்கொண்டு போனேன். வாழைச் சண்டைக்குப் பிறகு அவள் வளவில் நான் கால் வைத்தது அன்றுதான். பனங்கூடல் மூலையில் ஏழு மாடும் ஒன்றோடு ஒன்று ஒட்டியபடி விழுந்து கிடந்தன. நடுவில் ஒரு நாகு மட்டும், இன்னும் கன்று போடாதது, கால் நடுங்க நடுங்க நின்றது. மற்றவை அதைச் சுற்றி நின்றபடியால் அதற்குச் சூடு கிடைத்திருக்கவேண்டும்.

அவள் வறட்டியின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை: "ஆரிட்டையும் சொல்லிப்போடாதையுங்கோ அக்கா."

ஏழு மாட்டை எப்படி ஒளிப்பது. பெக்கோ இயந்திரம் வந்து கிடங்கு வெட்டியது. ஒழுங்கை முழுக்க வந்து நின்றது. அவள் உப்புக் கொட்டி, ஒரு பழைய பட்டுச் சீலையைக் கிழித்து வறட்டிக்கு மேலே போட்டாள். ஒருவர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கப் போனார். "செத்த பிறகும் விடமாட்டியளோ" என்று கேட்டாள். அவர் தொலைபேசியைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டார்.

மகள் வவுனியாவில் இருந்தாள். அன்றைக்கே போன் எடுத்தாள். இவள் போனைக் காதில் வைக்க மாட்டாள், தள்ளிப் பிடித்துத்தான் கதைப்பாள். அதனால் எனக்கும் கேட்டது. "இனியென்ன அம்மா, பால் தாற மாடு ஒண்டும் இல்லை. மிச்சத்தையும் வித்துப்போட்டு இஞ்சை வாங்கோ."

மகள் சொன்னதில் பிழை இல்லை. மிஞ்சியது ஒரு குருடு, ஒரு நொண்டி, ஒரு நாம்பன், ஒரு நாகு. நாலிலும் சேர்த்து ஒரு தேத்தண்ணிக்குப் பால் இல்லை.

அந்த நேரத்தில்தான் கிராமத்து அலுவல் பார்க்கிற விதானையார் சொல்லியனுப்பினார். செத்த மாட்டுக்கு அரசாங்கம் அவசர உதவி கொடுக்கப்போகிறது, பாதிக்கப்பட்டவர்கள் சனசமூக நிலையத்துக்கு வரவேண்டும் என்று. நானும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வீட்டில் இருந்தாலும் வேலை இல்லை.

மாட்டு டொக்டர் கொப்பியை விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் விதானையார். எங்கள் ஒழுங்கையில் ஒருவர், பால்மாப் பெட்டி வாங்கித் தேத்தண்ணி குடிக்கிறவர், தன்னுடைய இரண்டு பசு செத்துப்போனது என்று கண் கலங்க எழுதிக் கொடுத்துக்கொண்டு நின்றார். அந்தப் பசுக்கள் பதிவிலும் இல்லை, பூமியிலும் இல்லை. அவருக்குப் பின்னால் இவள். இவளுடைய முறை வந்தது.

"உங்களுக்குப் பதிவிலை மூண்டு மாடு" என்றார் டொக்டர். "அதிலை எத்தினை அம்மா செத்தது?"

"அதிலை ஒண்டும் சாகேல்லை சேர்."

"நல்லது. அப்ப ஏன் வந்தனீங்கள்?"

அவள் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "ஏழு செத்தது."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மூண்டிலை ஏழு செத்ததோ?"

"ஓம்."

"அப்ப மிச்சம்?"

அவள் சீலைத் தலைப்பை இன்னும் வாய்க்குள் தள்ளினாள். விதானையார், "நாலு நிக்குது சேர்" என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனுசன் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்றில் ஏழு செத்து நாலு மிச்சம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. ஆனால் டொக்டர் சிரிக்கவில்லை. பதிவில்லாத மாட்டுக்கும் உதவி கிடைக்க ஒரு வழி இருக்கிறது என்றார். செத்த மாட்டின் படம் வேண்டும். படம் இல்லாவிட்டால், சொந்தக்காரர் அல்லாத அயல் ஆள் ஒருவர் ஒவ்வொரு மாட்டின் நிறத்தையும் குறியையும் சொல்லிக் கையெழுத்து வைக்கவேண்டும். விதானையார் அதை உறுதிப்படுத்தவேண்டும். உயிரோடு நிற்கிற மாட்டுக்கும் தகடு குத்தவேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"உங்கடை மாட்டை நல்லாத் தெரிஞ்ச ஆள் ஆர் அம்மா அயலிலை?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்கும் தெரியாது சேர்" என்றாள். "நான் காட்டுறேல்லை."

மூன்று நாள் அவள் என் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் காலை வேலியடியில் நின்றாள்.

"அக்கா."

"என்ன."

"நீங்கள் எங்கடை மாடுகளைக் கண்டிருக்கிறியள்தானே."

"கண் இருக்கு. கண்டிருக்கிறன்."

"எண்ணினனீங்களோ?"

முப்பது வருடமாக அவள் குற்றமாகச் சொன்ன கேள்வியை முதல் தரம் கெஞ்சுகிற குரலில் கேட்டாள். ஓம் என்றால், இத்தனை காலம் நான் மறுத்தது பொய். அதுவும் ஏழு மாடு செத்த பிறகு, சபையில் நின்று, நாள் தவறாமல் எண்ணினேன் என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்.

"நான் ஏன் உன்ரை மாட்டை எண்ணுறன்" என்றேன்.

"பிள்ளையாராணை?"

"ஆணை ஒண்டும் வைக்க மாட்டன். எனக்கு அடுப்பிலை உலை கிடக்கு."

"அப்ப சரி அக்கா" என்று போய்விட்டாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

வியாழக்கிழமை ஒரு மாட்டு யாவாரி வந்தான். குருட்டுப் பசுவின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான். நாகின் விலாவில் விரலால் குத்திப் பார்த்தான். அவள் கொட்டில் கப்பில் சாய்ந்துகொண்டு வேறெங்கோ பார்த்தாள். "எத்தினை நிக்குது அம்மா, எல்லாமாச் சேத்து?" என்று அவன் கேட்டான். "நாலு" என்றாள். உரத்துச் சொன்னாள். யன்னலில் நின்ற நான் கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன். அவள் வாயால் மாட்டுத் தொகை அப்படி உரத்து வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை நான் நல்ல சீலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அவளுக்கு முதலே போய்ச் சனசமூக நிலையத்து முன் வாங்கில் இருந்தேன். அவள் வந்தாள். யாவாரிக்கு மாட்டை விற்பதற்கு விதானையாரின் கடிதம் வேண்டும், அதற்குத்தான் வந்திருந்தாள். என்னைக் கண்டு நின்றுவிட்டாள்.

"எழுதுங்கோ விதானையார்" என்றேன். "நான் சொல்லுறன்."

சொன்னேன். வறட்டி, சிவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது கொம்பு நுனி உடைந்தது. கூழைவாலி, கறுவல், வாலில் பாதி இல்லை. எலும்பி, மயிலை, பேர்தான் எலும்பி, நடந்தால் நிலம் அதிரும். சொறிச்சி, குப்பைச்சி, பிறகு வறட்டியின் இரண்டு நாகுகள், ஒன்றுக்கு முன்னங்கால் இரண்டும் வெள்ளை, மற்றதற்குக் காதில் கீறல். எந்த மாடு எத்தனை கன்று போட்டது, எந்தக் கன்றை யாருக்கு விற்றாள், எல்லாம் சொன்னேன். விதானையாருக்கு எழுதிக் கை உளைந்தது. டொக்டர் கேட்டார்:

"இவ்வளவும் உங்களுக்கு எப்பிடி அம்மா தெரியும்?"

"எண்ணினன்" என்றேன். "ஒவ்வொரு நாளும். தொட்டிக்கு வரேக்கை."

பின்னாலிருந்து அந்தப் பால்மாக்காரர் மெல்லச் சொன்னார்: "அதுதானே பாத்தன். ஏழும் ஒரேயடியா விழுந்திட்டுது."

திரும்பிப் பார்க்க எனக்குக் கழுத்து வரவில்லை. அப்போது அவள் முன்னுக்கு வந்தாள்.

"கண்ணாலை சாகிறதெண்டால் என்ரை மாடு முப்பது வருசத்துக்கு முதலே செத்திருக்கவேணும்" என்றாள். "உவ அண்டு தொடக்கம் எண்ணுறா. குளிரிலை செத்தது. கொட்டிலுக்கை கட்டாமல் நான்தான் வெளியிலை விட்டனான். அப்பிடியே எழுதுங்கோ சேர்." பிறகு பால்மாக்காரர் பக்கம் திரும்பினாள். "உங்கடை ரெண்டும் எதாலை அண்ணை செத்தது? உவ எண்ணினதா ஞாபகம் இல்லையாம்."

பால்மாக்காரர் தன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெயில் பார்க்க வெளியே போனார்.

விதானையாருக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. "நீங்கள் ரெண்டு பேரும் கோபமெல்லே? பொலிசு மட்டும் போனனீங்கள்."

"இப்பவும் கோபம்தான்" என்றேன். "அதுக்கும் மாட்டுக்கும் என்ன."

"அதுதான் சேர் நல்ல சாட்சி" என்றார் விதானையார். "உவவுக்காக உவ பொய் சொல்ல மாட்டா." மை பூசுகிற பெட்டியை என் பக்கம் நீட்டினார், பெருவிரல் வைப்பதற்கு. பேனையைத் தாருங்கோ என்றேன். நாலாம் வகுப்போடு விட்டாலும் என் பேரை நான் வைப்பேன். வைத்தேன். கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

யாவாரிக்கான கடிதத்தை அவள் கேட்கவில்லை.

அடுத்த கிழமை டொக்டர் நாகுக்குத் தகடு குத்த வந்தார். "உரத்துச் சொல்லாதையுங்கோ சேர், எழுதுங்கோ" என்று அவள் கெஞ்சினாள். அவருக்கோ இயற்கையிலேயே பெரிய தொண்டை. தகட்டு இலக்கத்தை ஒழுங்கைக்குக் கேட்கிற மாதிரி வாசித்தார். நீள இலக்கம், முடிய நேரம் எடுத்தது. அவள் முகம் தெளிந்துவிட்டது.

"அவ்வளவு மாடு எண்டால் பரவாயில்லை" என்றாள். "ஆரும் நம்பமாட்டினம்."

உதவிப் பணம் உடனே வரவில்லை. மாரி முடிந்து வெயில் ஏறி, நாங்கள் மறந்துபோயிருந்த நேரத்தில் வந்தது. ஏழு மாட்டுக்கு வந்தது ஏழு மாடு வாங்கக் காணாது. மகள் திரும்பவும் போன் எடுத்தாள். "கொஞ்சம் பொறு, கொட்டில் வேலை கிடக்கு" என்று இவள் சொல்லிவிட்டாள்.

மேசன் வந்தார். கொட்டிலை நீட்டி, எல்லா மாட்டுக்கும் இடம் விட்டு, வாடைக்காற்று வருகிற வடக்குப் பக்கத்தில் சீமெந்துக் கல்லால் சுவர் வைக்கத் தொடங்கினார். வடக்குப் பக்கம் என்றால் என் பக்கம். கல் ஏற ஏற என் யன்னலுக்குக் கொட்டில் மறைந்துகொண்டு வந்தது. அவள் செய்ததில் பிழை இல்லை. காற்று அந்தப் பக்கத்தால்தான் வருகிறது. நான் யன்னலை அடைத்துக்கொண்டு சமைத்தேன். சபையில் எனக்காகப் பேசியவள், அரசாங்கத்துக் காசில் என் முகத்துக்கு நேரே சுவர் கட்டுகிறாள் என்று வேலிக்குக்கூடச் சொல்லாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் மேசனோடு அவள் வாக்குவாதப்படுகிற சத்தம் கேட்டு யன்னலைத் திறந்தேன். சுவர் மாட்டின் முதுகு உயரத்துக்கு வந்திருந்தது.

"காணும், நிப்பாட்டும்" என்றாள்.

"இன்னும் நாலு வரி வைக்கவேணும் அம்மா" என்றார் மேசன். "கூரை வரைக்கும் ஏத்தினால்தான் காத்து நிக்கும். கல்லும் கிடக்கு."

"காத்து முதுகிலைதானே அடிக்கும்."

"தலையிலை அடியாதோ?"

"தலைக்குச் சாக்குத் தொங்கவிடுறன். காத்து வாற நேரத்துக்கு இறக்கிவிட்டால் காணும், மற்ற நேரம் சுருட்டி வைக்கலாம். சொன்னதைச் செய்யும்."

"உப்பிடி அரைகுறையாச் சுவர் வைச்ச வீடு ஊரிலை இல்லை. ஆர் பாக்கிறதுக்கு?"

அவள் என் யன்னல் பக்கம் பார்க்கவில்லை. "மாடு வெளிய பாக்கவேணும்" என்றாள். "இல்லாட்டி அதுகளுக்கு மனம் சோர்ந்து போம்."

மேசன் மீதிக் கல்லை அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை நான் பாத்திரம் கழுவ யன்னலடிக்கு வந்தேன். சுவருக்கு மேலே கொம்புகள் வரிசையாகத் தெரிந்தன. குருடு தெரிந்தது, நொண்டி தெரிந்தது, நாம்பன், காதில் மஞ்சள் தகட்டோடு நாகு. அதற்கு அங்காலே, நான் அதுவரை கண்டிராத ஒரு கறுப்புத் தலை, வாயில் வைக்கோலோடு, என்னையே பார்த்தபடி மென்றுகொண்டு நின்றது. ஐந்து.